களஞ்சியத்தில் நம் பங்கு

கரூரை அடுத்த புகளூரில், வேலாயுதம்பாளையத்தை ஒட்டி ஆறுநாட்டார் மலை என்னும் குன்று ஒன்று உள்ளது. அதன் குகைத்தளங்களில் அருக சமயத் துறவியர் உறைவதற்காக வெட்டப்பட்ட கற்படுக்கைகளையும், ஆயிரத்தெழுநூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளையும் இன்றும் காணலாம். சேரர் குடியில் தோன்றிய இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் ஏற்றபோது, யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்னும் முதிய அமணர்க்கு உறைவிடம் அமைத்துக் கொடுத்த செய்தியை ஒரு கல்வெட்டு கூறுகிறது. சேரர் மூன்று தலைமுறையினரின் பெயர்கள் அதில் காணப்படுவதால் வரலாற்று நூலார் அதனையே பெரிதும் விரித்துரைப்பர்.

சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தாருடன் அங்குச் சென்றபோது, என் உள்ளம் பக்கத்திலுள்ள சிறு கல்வெட்டுகளிலேயே தங்கிவிட்டது. கருவூர்ப் பொன் வாணிகன் நத்தி என்பவன் தன் பங்காக ஓர் இருக்கை செய்வித்தான். நல்லியூர்ப் பிடன் என்பானுடைய மகள் ஒரு பள்ளி செய்வித்தாள். அரசகுமாரன் கொடுத்துவிட்டான், இனி நமக்கென்ன வேலை என்று வாணிகனும் இருந்துவிடவில்லை. அந்தப் பெண்மகளும் இருந்துவிடவில்லை. அவரவரால் இயன்றதை அவரவர் செய்து, செய்தவர் இன்னார் என்பதையும் பொறித்து வைத்தனர். அதனாலன்றோ இன்று அவர்கள் பெயரை நாம் அறிகிறோம்!

இப்பாடம் அக்குன்றைப் பற்றியதன்று. அதுபோலவே பலர் கூடிச் செய்துவரும் வேறொரு பணியைப் பற்றியது. விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தைப் பற்றி நம் இல்லங்களில் பிள்ளைகள் நன்கு அறிவர். பள்ளியில் செயல்திட்டம் எழுதச் சொன்னால் அவர்கள் முதலில் தேடுவது அதனைத்தான். ஆனால், அதில் எழுதுவோர் யாவர் என்று கேட்டால் பெரும்பாலோர் விழிக்கின்றனர். ஏதோ ஒரு நிறுவனத்தார் ஊதியம் கொடுத்துப் புலவர்களை அமர்த்தி எழுதுவிப்பதாக நானும் பல காலம் எண்ணியிருந்தேன். அவ்வாறன்று. அதனை எழுதுவோர் நம்மைப் போன்றோரே.

தமிழில் கலைக்களஞ்சியம் தோன்றிய வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1910-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக வெளிவந்தது ‘அபிதான சிந்தாமணி’. அதனைத் தொகுத்த ஆ. சிங்காரவேலு முதலியார் சென்னையில் ஒரு தமிழாசிரியர். பல்லாண்டுகள் ஒரு தனி மனிதராக உழைத்துத் தொகுத்தார் என்பதை எண்ணும்போது ஆசிரியர் குலத்தில் பிறந்த எனக்குச் சிறிது பெருமிதமும் உண்டாகிறது. ஆயினும் ஒருவர் உழைப்புக்கு ஓர் எல்லை உண்டு.

அடுத்த படியை எடுத்து வைத்தவர்கள் கொங்கு நாட்டார். சென்னை மாகாணக் கல்வியமைச்சராக விளங்கிய திருப்பூர்த் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் 1946-இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்தார். அக்கழகத்தின் கலைக்களஞ்சியத்திற்கு முதன்மைப் பதிப்பாசிரியராக அமர்ந்தவர் ஈரோட்டுப் பகுதியில் மஞ்சக்காட்டுவலசு என்னும் சிற்றூரில் 1908-இல் பிறந்த பெரியசாமித் தூரன். அவரும் ஆசிரியரே; பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் பணியாற்றியவர். பத்துத் தொகுதிகளும் 1954 முதல் 1968 வரை வெளிவந்தன. அதன் பின்னர்க் குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக 1976-இல் நிறைவுற்றது. நூற்றுக்கணக்கான அறிஞர்கள் தத்தம் துறையில் கட்டுரை வழங்கினர். எங்கள் பள்ளி நூலகத்தில் அத்தொகுதிகள் கண்ணாடி அலமாரியில் பூட்டியிருக்கும். சாவி தலைமையாசிரியரிடம். ஒரு மாணவன் அதனைத் தொட்டுப் பார்ப்பது அரிய நிகழ்ச்சி. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அத்தொகுதிகளை எவரும் படிக்கலாம்.

அச்சிட்ட களஞ்சியத்திற்கு ஓர் இயல்பான குறையுண்டு. 1954-இல் கோயம்புத்தூர் மாவட்டம் என்றால் ஈரோடும் திருப்பூரும் அதனுள் அடங்கும். 1979-இல் ஈரோடும், 2009-இல் திருப்பூரும் தனி மாவட்டங்களாயின. அச்சில் ஏறிய எழுத்து தானே மாறுமா? மறுபதிப்பு வரும்வரை காத்திருத்தல் வேண்டும். இக்குறையை நீக்கியது இணையம். 2001 சனவரியில் ஆங்கிலத்தில் விக்கிப்பீடியா தொடங்கப்பெற்றது. ‘விக்கி’ என்பது ஹவாய்த் தீவு மக்களின் மொழியில் விரைவு எனப் பொருள்படும் சொல்லாம். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தோன்றியது. அதன் தொடக்க ஆண்டுகளில் தனியொருவராக நின்று நூற்றுக்கணக்கில் கட்டுரை எழுதியவர் இலங்கைத் தமிழரான மயூரநாதன். பின்னர்த் தமிழகத்தாரும் ஈழத்தாரும் அயல்நாட்டுத் தமிழரும் ஒவ்வொருவராகச் சேர்ந்தனர். 2017-இல் கட்டுரைகளின் தொகை ஓர் இலட்சத்தை எட்டியது. இன்று ஒன்றரை இலட்சத்தைக் கடந்துவிட்டது.

நம் கோவைக்கும் இதில் தொடர்புண்டு. 2010 சூன் திங்களில் இந்நகரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்ததை எவரும் மறந்திரார். அம்மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு கல்லூரி மாணவர்க்குத் தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி நடத்தியது. 2017-இல் மாவட்டந்தோறும் பள்ளி ஆசிரியர்க்கு விக்கிப்பீடியாப் பயிற்சியும் அளிக்கப்பெற்றது. நான் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டேன். என்னுடன் பணியாற்றிய இளைய ஆசிரியை ஒருத்தி சென்று வந்து, “அக்கா, நீங்கள்தாம் இதற்கு ஏற்றவர்” என்றாள். அப்போது அதனை நகைச்சுவையாகவே கொண்டேன்.

இனிப் பாடத்திற்கு வருவோம். தமிழ் விக்கிப்பீடியாவில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ‘தொகு’ என்றொரு சொல் காணப்படும். அதனை அழுத்தினால் அப்பக்கத்தைத் திருத்தலாம். ‘வரலாறு’ என்பதை அழுத்தினால், அப்பக்கத்தில் யார் எந்நாளில் எதனைச் சேர்த்தார், எதனை நீக்கினார் என்பது வரிவரியாகத் தெரியும். ஆகவே, தவறாக எதையேனும் அழுத்திவிட்டால் களஞ்சியமே அழிந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. பழைய நிலைக்கு ஒரு நொடியில் மீட்டுவிடுவர். கட்டுரை ஒவ்வொன்றுக்கும் ‘பேச்சு’ப் பக்கம் ஒன்றுண்டு, கருத்து வேறுபாடுகளை அங்கே பேசித் தீர்ப்பர். பொதுவான செய்திகளைப் பேசுமிடத்திற்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர் வைத்துள்ளனர். புதியவர் எழுதிப் பழகுவதற்கு ‘மணல்தொட்டி’ உண்டு. மணலில் விரலால் அரிச்சுவடி எழுதிப் பழகிய தலைமுறையினராகிய நமக்கு அப்பெயரைப் பார்த்ததும் அச்சம் பாதி நீங்கிவிடும்.

எழுத்தை உள்ளிடுவது எவ்வாறு என்பதே முதியோர் பலரின் தடை. தமிழ்99 விசைப்பலகையை ஒரு வாரம் முயன்றால் கற்கலாம். அதுவும் இயலாதோர் கைப்பேசியில் வாயால் சொன்னாலே எழுத்தாகிவிடுகிறது. ஆனால் அது ழகர ளகர வேறுபாட்டில் நம் பழைய மாணவர்களைப் போன்றே தவறு செய்கிறது. ஒரு முறை படித்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

என் முதல் முயற்சியின் கதையைச் சொல்ல வெட்கமாயுள்ளது. எனினும் கற்போர்க்குப் பயன்படும். நான் பல ஆண்டுகள் பணியாற்றிய ஊரின் குளத்தைப் பற்றி எழுத விரும்பினேன். வீட்டில் ஒரு விழா மலர் இருந்தது. அதில் அழகிய கட்டுரையொன்று இருந்தது. அதிலிருந்து இரண்டு பத்திகளை, ஓர் எழுத்தும் மாறாமல், மூன்று நாள் உழைத்து உள்ளிட்டேன். மறுநாள் பார்த்தால் கட்டுரை இல்லை. என் பேச்சுப் பக்கத்தில், “அம்மா, பிறர் எழுதியதை அப்படியே இடுதல் பதிப்புரிமைக்கு மாறானது, தங்கள் சொந்த நடையில் எழுதி, அம்மலரைச் சான்றாகக் காட்டுங்கள்” என்று ஒருவர் பணிவுடன் எழுதியிருந்தார். எனக்குச் சினம் மூண்டது. அன்று மாலை முழுவதும் எவரோடும் பேசவில்லை. இரவில்தான் உறைத்தது: முப்பத்து நான்கு ஆண்டுகள் பிள்ளைகளிடம், “பார்த்து எழுதாதே, படித்துவிட்டு உன் சொல்லில் எழுது” என்று பிரம்பை ஆட்டியவள் நான்! மறுநாள் என் சொல்லில் ஐந்தே வாக்கியம் எழுதி, மலரின் பெயரையும் பக்க எண்ணையும் குறிப்பிட்டேன். அது நின்றது. ஒரு திங்கள் கழித்து யாரோ ஒருவர் குளத்தின் நிழற்படத்தைச் சேர்த்திருந்தார். மற்றொருவர் என் வாக்கியத்தில் விடுபட்ட வல்லொற்று ஒன்றைச் சேர்த்திருந்தார். தமிழாசிரியைக்கு ஒற்றுப்பிழை! என் பேத்தி அதனை உறவினர் அனைவர்க்கும் சொல்லிவிட்டாள்.

சான்று என்பதே இக்களஞ்சியத்தின் முதுகெலும்பு. “எங்கள் ஊர்ச் சினாலயம் மிகத் தொன்மையானது, கண்கொள்ளாக் காட்சியுடையது” என்று எழுதினால் அது நிற்காது. தொன்மை என்றால் எந்நூற்றாண்டு? அவ்வாறு கூறியவர் யார்? எந்நூலில்? எத்தனையாம் பக்கம்? இவ்வினாக்களுக்கு விடை உள்ள வாக்கியத்தையே எழுதுதல் வேண்டும். புகழ்ச்சியைக் கழித்தபின் எஞ்சுவது எதுவோ அதுவே கட்டுரை. நம் இல்லத்தார்க்கு இது முதலில் கசக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவரின் ஊர் சனகை எனப்படுகிறது. பெருந்துறையை அடுத்த சீனாபுரமே அது என்பது கொங்கு நாட்டார் கொள்கை. மைசூர்ப் பகுதியைச் சேர்ந்த ஊர் என்று உரைத்தாரும் உளர். இவ்விடத்தில் நான் கொங்கு நாட்டில் ஐம்பதாண்டு வாழ்ந்தவள் என்பதால் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு மற்றொன்றை மறைத்தல் முறையாகாது. “இன்னார் இவ்வாறு கருதுவர், இன்னார் அவ்வாறு கருதுவர்” என்று இரண்டனையும் சான்றுடன் வைத்தல் வேண்டும். திருவள்ளுவர் செய்தியும் இத்தகையதே. பொன்னூர் மலையில் தவமிருந்த எலாசாரியராகிய குந்தகுந்தரே குறளை அருளினார் என்பது நம் மரபு. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் அதனை ஆராய்ந்து எழுதியுள்ளார். களஞ்சியத்தில் நாம் எழுதத் தக்கது, ‘சமண மரபு இவ்வாறு கருதுகிறது, சக்கரவர்த்தி நயினார் இன்ன காரணங்கள் காட்டுகிறார்’ என்பது மட்டுமே. அதற்குமேல் ஒரு சொல்லும் கூடாது. பிற சமயத்தார் கொள்கைக்கும் அதே பக்கத்தில் இடமுண்டு. ‘நடுநிலை நோக்கு’ என்று அவர்கள் வகுத்துள்ள விதியைப் படித்தபோது, அநேகாந்தம் பயின்ற நமக்கு இது புதிதன்றே என்று தோன்றிற்று. பயின்றது வேறு, பின்பற்றுவது வேறு என்பதையும் அன்றே உணர்ந்தேன்.

அச்சில் வராத செய்தியை என் செய்வது? இதுவே நம்மவர் என்னிடம் மிகுதியாகக் கேட்கும் வினா. வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவள் நான். எங்கள் ஊர்க் கோயிலில் ஓலைச்சுவடிகள் எந்தப் பேழையில் இருந்தன, சுருத பஞ்சமியன்று அவற்றை எடுத்துத் துடைத்து வழிபட்ட முறை யாது, எந்த ஆண்டில் எவ்வெக் குடும்பங்கள் வேலை தேடிச் சென்னைக்கும் கோவைக்கும் சென்றன என்பனவெல்லாம் என் பெரியப்பா அறிந்திருந்தார். அவர் மறைந்தபோது ஒரு குறிப்பேடும் எஞ்சவில்லை. கேட்டு எழுதியிருக்க வேண்டியவள் நான், கேட்கவில்லை. விடுமுறைக்கு ஊர் சென்றபோதெல்லாம் விடைத்தாள் கட்டையே எடுத்துச் சென்றேன்.

வாய்மொழிச் செய்தியை விக்கிப்பீடியா நேரடியாக ஏற்பதில்லை. அது நமக்குக் குறைபோலத் தோன்றினும், ஏற்றால் எவரும் எதையும் எழுதலாம் என்றாகிவிடும். ஆகவே வழி இரண்டு கட்டமாக அமைதல் வேண்டும். முதற்கண் முதியோரைக் கேட்டு, நாள், ஊர், சொன்னவர் பெயர் ஆகியவற்றோடு குறித்து, இத்தகைய இதழ்களுக்கோ ஊர் மலர்களுக்கோ எழுதி அச்சேற்றுக. அச்சேறியது சான்றாக எடுத்தாளத் தக்க நிலையை அடையும். பின்னர், அதனைப் படித்த மற்றொருவர் களஞ்சியத்தில் சேர்க்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் வாழும் சைனர் ஒரு இலட்சத்திற்கும் குறைவு. அவர்களுள்ளும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஒரு பகுதியினரே. நம் ஊர்களைப் பற்றி நாம் எழுதாவிடில் எழுதுவதற்கு வேறு எவர் வருவர்? வந்தாலும், பிழைபட எழுதினால் திருத்துவார் யார்?

கட்டுரை எழுதும் துணிவு வராதோர்க்கு வேறொரு பணி காத்திருக்கிறது. உண்மையில் நான் இப்பொழுது பெரும்பொழுது செலவிடுவது அதில்தான். ‘விக்கிமூலம்’ என்பது விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பு, அது நூலகம். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களுள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை அதில் ஏற்றப்பட்டுள்ளன. பழைய நூலின் பக்கத்தைப் படமெடுத்து, கணினி தானே எழுத்துகளை இனங்கண்டு வைத்திருக்கும். திரையில் ஒரு பக்கம் படம், மறுபக்கம் கணினி படித்த பாடம். கணினி ‘அருகன்’ என்பதை ‘அருகள்’ என்று படித்திருக்கும், கால் விடுபட்டிருக்கும், புள்ளி காணாமற் போயிருக்கும். நாம் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். திருத்தியபின் அப்பக்கத்தின் குறியீடு மஞ்சளாகும். மற்றொருவர் மீண்டும் சரிபார்த்தால் பச்சையாகும். விடைத்தாள் திருத்திய கைக்கு இதனினும் ஏற்ற வேலை எது? சிவப்பு மைப் புட்டி ஒன்றே குறை.

இவ்வகையில் நினைவுகூரத் தக்கவர் மயிலை சீனி. வேங்கடசாமி. சென்னையில் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியராய் எளிய ஊதியத்தில் வாழ்ந்தவர். அவர் 1954-இல் வெளியிட்ட ‘சமணமும் தமிழும்’ என்னும் நூல் நம் இல்லந்தோறும் இருக்க வேண்டிய ஒன்று. பிறப்பால் சைனர் அல்லர். ஆயினும் தமிழகத்தின் சமணத் தலங்களை ஊர் ஊராகத் தேடித் தொகுத்தார். அவருடைய நூல்கள் நாட்டுடைமையானமையால் இன்று எவரும் இணையத்தில் தடையின்றிப் படிக்கலாம். 1998 பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்தின் இலோசான் நகரில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டமும் இவ்வகையினதே. பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றித் தட்டெழுதித் தமிழ் நூல்களை மின்னேற்றினர்.

ஆகாரம், ஔடதம், அபயம், சாத்திரம் எனத் தானத்தை நால்வகையாகப் பகுத்துப் போற்றுவோம். அன்னதானத்திற்கு நம்மிடையே போட்டி உண்டு. சாத்திர தானம் என்றால் நூல் அச்சிடப் பணம் கொடுப்பதோடு நின்றுவிடுகிறோம். பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பை என்னும் அம்மையார், பொன்னன் என்னும் புலவர் இயற்றிய சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார் என்பர். ஓலையில் ஆயிரம் படி என்றால் எத்தனை எழுத்தாணிகள், எத்தனை கைகள்! இன்று ஒரு பக்கத்தைத் திருத்தி வைத்தால் ஆயிரம் பேர் படிப்பதற்கு மீண்டும் எழுத வேண்டுவதில்லை.

பெண்மக்களுக்குத் தனியே ஒன்று. உலகெங்கும் விக்கிப்பீடியாவில் எழுதுவோருள் பெண்கள் மிகச் சிறுபான்மையினர். அதன் விளைவு கட்டுரைகளிலும் தெரிகிறது. போரும் அரசியலும் விரிவாக உள்ளன. நோன்புச் சமையல், நெசவு, கோலம், தாலாட்டு, கொங்கு நாட்டுச் சீர்முறைகள் ஆகியன மெலிந்து கிடக்கின்றன. கதிரவன் மறைவதற்குள் உணவு முடிக்கும் நம் வழக்கத்தால் மாலைப் பொழுது நமக்கு நீளமானது. அதில் அரை மணி நேரம் தொலைக்காட்சித் தொடரினின்று மீட்டால் போதும். என் அண்டை வீட்டார் ஒருவர், “எனக்கு என்ன தெரியும் எழுதுவதற்கு?” என்றார். அவர் தறி நெய்த குடும்பத்தில் பிறந்தவர். பாவு, ஊடை, பண்ணை, அச்சு என ஒவ்வொரு சொல்லையும் விளக்கிக்கொண்டே கேட்டார் அவ்வினாவை!

நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், ‘அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க’ என்பதைப் பாடக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதுவிப்பர். இதனையே இங்கும் கொள்ளலாம். அடுத்த இதழ் வெளிவருவதற்குள் செய்யத்தக்க பயிற்சி இது: நீங்கள் பிறந்த ஊரின் பெயரைத் தமிழ் விக்கிப்பீடியாவில் தேடுங்கள். கட்டுரை இருப்பின் முழுவதும் படித்து, பிழையுள்ளதா, விடுபட்டது யாது என்று ஒரு தாளில் குறியுங்கள். இல்லையெனில் அவ்வூரைப் பற்றி அச்சில் வந்தவை எவை என்று வீட்டு அலமாரியைத் தேடுங்கள். பழைய மலர்கள், திருமண அழைப்பிதழ்கள், கும்பாபிடேகப் பத்திரிகைகள் எதனையும் எறிந்துவிடாதீர்கள். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது சினாலயத்தின் கோபுரம், கல்வெட்டு, குளம் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வாருங்கள். கருவறையுள் படமெடுக்கும் முன் ஊர்ப் பெரியோர் இசைவு பெறுக. கைப்பேசி பழகாதோர் கோடிட்ட ஏட்டில் மையால் எழுதி, வீட்டிலுள்ள கல்லூரிப் பிள்ளையிடம் கொடுங்கள். மூன்று வாக்கியம் போதும். ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் நூலின் பெயரும் பக்க எண்ணும் இருத்தல் வேண்டும்.